வருகைப் பருவம்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விழாவில் பிள்ளைத்தமிழ் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அத்துறையில் நான் முனைவர் பட்டம் பெற்றவள் என்பது அவர் கருதிய தகுதி. நான் கருதும் தகுதி வேறு. என் வீட்டில் நான்கரை வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். 39ஆம் அகவையில் நான் பெற்ற பிள்ளை. பட்டம் முன்னே வந்தது. பிள்ளை பின்னே வந்தாள். என் ஆய்வேட்டில் விடுபட்டவை எவை என்பதை இப்போது அவள்தான் எடுத்துக்காட்டி வருகிறாள்.

காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கும் பத்துப் பருவங்களை நீங்கள் அறிவீர்கள். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை, இரண்டு திங்களுக்கு ஒரு பருவம் எனப் பாட்டியல் நூலார் ஒரு கணக்குச் சொல்வர். தவழ்வதும் தளிர்நடை பயில்வதும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் என் மகள் 'இன்னாள்' என எனக்குத் தெரியத் தொடங்கியது அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான்.

பாலர் பள்ளியில் சேர்த்த முதல் மூன்று வாரமும் அவள் யாருடனும் விளையாடாமல் சுவரோரமாகவே நின்றாள் என்றார் ஆசிரியை. நான் கலங்கினேன். நான்காம் வாரம் ஒரு மாலை, எந்தப் பிள்ளைக்கு எந்த நிறச் சோற்று டப்பா, யார் எதற்கு அழுவார், யாருக்குச் செருப்பு மாட்டத் தெரியாது என்று வரிசையாக ஒப்பித்தாள். அவள் ஒதுங்கி நிற்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிஸ்கட்டைப் பிட்டால் பெரிய பாதியைத் தனக்கு வைத்துக்கொள்வாள். "பெருசு எனக்கு" என்று சொல்லிவிட்டே எடுப்பாள். கடந்த காலம் முழுதும் அவளுக்கு 'நேற்று'. வருங்காலம் முழுதும் 'நாளை'. "நாளைக்கு நான் பெரிசாயிட்டா, நீ குட்டியாயிடுவியாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். வயது கடந்து பெற்றவளுக்கு அக்கேள்வி எங்கே தைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்ததை உங்களுள் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆத்திசூடியின் உயிர் வருக்கம் பதின்மூன்றையும் சொல்ல அவளை இம்மேடையில் ஏற்றினேன். அவள் வாய் திறக்கவில்லை. அம்புலிப் பருவத்தில் நிலவை அழைக்கப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு வழிகளையும் கையாள்வார்கள் அல்லவா? நானும் கையாண்டேன். கொஞ்சினேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டேன், மிட்டாய் தருவதாகச் சொன்னேன், இறுதியில் ஒருவரும் காணாமல் கையைக் கிள்ளினேன். நிலா இறங்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்காக அன்று, உங்கள் முன் எனக்கு நேர்ந்த தலைகுனிவுக்காக.

அன்றிரவு உள்ளறையிலிருந்து குரல் கேட்டது. பதின்மூன்றையும் பிழையின்றித் தன் மரப்பாச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து, "நாம சேர்ந்து சொல்லலாமா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நாங்க சொல்லிட்டிருக்கோம்மா. நீ அப்புறம் வா" என்றாள்.

'நாம்' கேட்போரையும் உளப்படுத்தும். 'நாங்கள்' கேட்போரை விலக்கும். பதினெட்டு ஆண்டுகளாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். விலக்கப்படுதல் என்றால் என்ன என்பதை அன்றுதான் கற்றேன். சினமில்லாமல், மிக இயல்பாக, தனக்கென ஓர் உலகம் உண்டென்று அச்சிறுமி எனக்கு அறிவித்துவிட்டாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன். அவள் கையில் நான் கிள்ளிய இடத்தை மறுநாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன். "அம்மா செய்தது தப்பு" என்றேன். "ஆமா" என்றாள். அவ்வளவுதான்.

திருமலை நாயக்கர் அவையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, அம்மையே சிறுமியாய் வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலையைப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்பது வழிவழிச் செய்தி. புலவரின் பெருமை சொல்லும் கதையாகவே அதை என் ஆய்வேட்டில் எழுதினேன். இன்று எழுதினால் ஒரு வரி சேர்ப்பேன். அழைத்தது புலவர் பணி. வந்தது அவள் விருப்பம்.

கவிஞர் பெருமக்களே, குழந்தையைப் பாடும் நம் மரபில் பாடுவோர் நாம். குழந்தை மறுமொழி சொல்வது அரிது. வீட்டிலோ அவள் சொல்கிறாள். சிலவேளை "மாட்டேன்" என்பதே அம்மறுமொழி. அதற்கும் செவி கொடுக்கும் பாடல்கள் இவ்வட்டத்தில் பிறக்க வேண்டும் என்பது என் விழைவு.

இன்று அவளும் வந்திருக்கிறாள். கடைசி வரிசையில் தந்தையின் அருகில் அமர்ந்து உங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை மேடைக்கு அழைக்கப் போவதில்லை. பத்துப் பருவம் கண்ட நம் வட்டம் மேலும் வளர்க என வாழ்த்தி அமைகிறேன்.