பெயர் பெறாத குருளை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விழாக் குழுவினர் எனக்கே அளித்தனர். நான் தேர்ந்துகொண்டது மிகச் சிறிய பொருள். பிறந்து மூன்று நாளில் மாண்டுபோன ஒரு நாய்க்குட்டியைப் பற்றியும், அதனை இழந்தோர் மற்றொரு நாயை அன்போடு ஏற்கலாமா என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். இது மேடைக்குரிய பொருளா எனச் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை என்பதை முதலில் காட்டிவிடுகிறேன்.

தொல்காப்பியத்தின் மரபியலில் விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமைப் பெயர்கள் வகுத்துச் சொல்லப்படுகின்றன. யானைக்குக் கன்று, ஆட்டுக்கு மறி. நாய்க்கு என்ன? நாயையும் பன்றியையும் புலியையும் முயலையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அந்நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரைத் தருகின்றார் ஆசிரியர். தெருவில் கிடக்கும் நாயின் பிள்ளைக்கும் காட்டை ஆளும் புலியின் பிள்ளைக்கும் ஒரே சொல்! பிற்காலத்தில் நாம் 'நாய்' என்பதை வசைச் சொல்லாக்கிக்கொண்டோம். அடியார்களும் தம்மைத் தாழ்த்திக்கொள்ள 'நாயேன்' என்றனர். ஆயின் அந்தப் பழைய நூலில் நாயின் குட்டிக்குத் தாழ்வு ஏதும் இல்லை.

அன்பர்களே, நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். அல்சூரில் நாங்கள் குடியிருந்த தெருவில், பக்கத்து வீட்டு மாடிப்படியின் கீழ் ஒரு தெரு நாய் நான்கு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் மிகச் சிறியதன் மீது அவ்வீட்டுப் பெண் குழந்தைக்கு உயிர். கண் திறந்ததும் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியலில் அது குளிர்ந்து கிடந்தது. இறந்ததற்காக அழுததைவிட, "அதுக்குப் பேரே இல்லையே, அப்பா" என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் அதிகமாக அழுதாள். மற்ற குட்டிகளின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மறுத்துவிட்டாள். அவளுடைய பாட்டி அருகில் அமர்ந்து, "போனதுக்காக அழு கண்ணு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா இருக்கிறது பசியோட கிடக்கு, அதையும் பாரு" என்றார். எஞ்சிய மூன்றனுள் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்து பெரிதாயிற்று. அந்தப் பாட்டியின் சொல்லே இன்றைய என் உரையின் கருப்பொருள்.

இவ்வளவு சிறிய உயிர் ஏன் இவ்வளவு எளிதில் போய்விடுகிறது? இதனை அறிந்துகொள்வது துயரத்தையும் ஓரளவு தணிக்கும். அடுத்த உயிரையும் காக்கும்.

நாய் ஏறத்தாழ 63 நாட்கள் சூல் சுமக்கின்றது. ஈன்ற குட்டிக்குக் கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதல் சில வாரங்களில் அதற்கு இல்லை. தாயின் வயிற்றுச் சூடும் உடன்பிறந்தவற்றின் நெருக்கமுமே அதற்குப் போர்வை. தாய் நாவால் நக்கித் தூண்டினாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் அதனால் இயலாது. தாயின் சீம்பாலில் நோயை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. அவற்றைக் குட்டியின் குடல் ஏற்றுக்கொள்வது பிறந்த முதல் நாளில் மட்டுமே. அன்று வயிறாரக் குடிக்காத குட்டி, படைக்கலமின்றிப் போர்க்களம் புகுந்த வீரனுக்கு ஒப்பாகும். நான்கைந்து குட்டிகள் முட்டி மோதும்போது, எடை குறைந்த குட்டி பின்தங்கி விடுகின்றது. பின்தங்கியது குளிர்ந்துவிடுகின்றது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிப்பதில்லை. ஆகவே தாய்ப்பால் மறக்கும் முன் இறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன.

ஆதலால் துவண்டு கிடக்கும் குட்டியைக் கண்டவுடன் பால் புகட்ட ஓடுதல் கூடாது. முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றுதல் வேண்டும். பாலூட்டுவது அதன் பின்னரே. பசுவின் பாலைக் காட்டிலும் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் இரு மடங்குக்கு மேல் உள்ளன. எனவே வெறும் பசும்பால் போதாது. குட்டிகளுக்கெனச் செய்த பால்மாவை மருத்துவரைக் கேட்டுத் தருதல் நலம். மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் பாலூட்டினால் பால் நுரையீரலில் புகுந்துவிடும். குப்புறக் கிடத்தியே ஊட்ட வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்தால், எடை ஏறாத குட்டி இன்னதென்று முன்னரே தெரிந்துவிடும். இவ்வளவும் செய்தும் சில குட்டிகள் இறந்துபோவதுண்டு. பிறவியிலேயே உறுப்புக் குறை உள்ள உயிரை எவராலும் காக்க இயலாது. அந்நிலையில் வளர்த்தவர் தம்மைத் தாமே நொந்துகொள்வதில் பயனில்லை.

இனி ஒரு கசப்பான உண்மை. மேற்கு வங்காளத்தில் தெரு நாய்களின் 364 குட்டிகளை அறிஞர்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். இனம் பெருக்கும் பருவம் வரை பிழைத்திருந்தவை நூற்றுக்குப் பத்தொன்பதே. இறப்புக்களுள் நூற்றுக்கு அறுபத்து மூன்று மனிதரால் நேர்ந்தவை. வண்டியில் அடிபட்டவையும் நஞ்சிடப்பட்டவையும் தாயிடமிருந்து பறிக்கப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். அல்சூர் மாடிப்படியின் கீழ் நான்கில் ஒன்று பிழைத்தது என்றேனே, அது அரிய நிகழ்ச்சியன்று, அதுவே வழக்கம். ஊழ் என்று நாம் பெருமூச்சு விடும் பல இறப்புக்கள் நம் கையால் நிகழ்பவை. நம் கையால் நிகழ்வதை நம் கையால் நிறுத்தவும் கூடும் அன்றோ?

நாயின் இறப்புக்கு வருந்துவது பேதைமை என்பார்க்கு விடையாக இரண்டு கற்கள் உள்ளன. ஒன்று தமிழ்க் கல். மற்றொன்று கன்னடக் கல்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்தது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடுகளை மீட்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் பொறித்துள்ளார்கள். பெயரின்றி வெறுமனே 'நாய்' என்று எழுதவில்லை. 'கோவிவன்' என்று அதன் பெயரையும் எழுதினார்கள்.

மற்றொரு கல் நாம் வாழும் இந்நகரின் செல்வம். கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1865-இல் தோன்றியது. அதன் அரும்பொருள்களுள் ஒன்று ஆதகூர்க் கல்வெட்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது, கி.பி. 949-50 ஆம் ஆண்டினது. தக்கோலப் போரைத் தமிழர் மறத்தல் இயலாது. முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் யானை மேல் இருந்தவாறே வீழ்ந்த களம் அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் அதில் வெற்றி கண்டனர். பூதுகனின் வீரன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சி, வேண்டுவதைக் கேள் என்று மன்னன் சொன்னபோது, அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. 'காளி' என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு பெரிய காட்டுப் பன்றியின் மேல் அந்நாயை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. அதன் நினைவாகச் சல்லேசுவரர் கோயிலின் முன் கல் நாட்டினர்; நிலமும் விட்டனர். நாயும் பன்றியும் பொருதும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

ஒரு சோழ இளவரசனின் வீழ்ச்சியையும் ஒரு கன்னட நாட்டு நாயின் வீழ்ச்சியையும் ஒரே கல் சொல்லுகின்றது. ஆயிரம் ஆண்டு கழிந்தும் காளியின் பெயர் அழியவில்லை. இதனைப் படித்த பிறகும், ஒரு குழந்தை நாய்க்குட்டிக்காக அழுதால் நாம் நகைப்போமா? கோவிவனுக்கும் காளிக்கும் பெயர் உண்டு, புகழ் உண்டு. பெயர் பெறும் முன்னரே போகும் குருளைகளுக்குக் கல் நடுவார் இல்லை. அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய சிறப்பு ஒன்றே. அடுத்து வரும் குருளை பெயர் பெறும் வரை வாழ வழி செய்வதுதான் அது.

மற்றொரு நாயை ஏற்றுக்கொண்டால் மாண்டதற்கு இரண்டகம் செய்ததாகுமோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். அன்பு, ஒருவருக்கு ஊற்றினால் மற்றவருக்கு இல்லாமற்போகும் குடத்து நீரன்று. இறைக்க இறைக்க ஊறும் கிணறு. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்வேன். துயரம் ஆறாதவரை விரைவுபடுத்தி, "இந்தா, வேறொன்று" என்று மடியில் போடாதீர்கள். உடைந்த பொம்மைக்கு மாற்றுப் பொம்மை தருவது போன்றது அது. அவ்வாறே, புதிதாக வரும் குட்டியிடம் பழைய குட்டியின் குணத்தைத் தேடாதீர்கள். அதற்கெனத் தனிப் பெயர் வையுங்கள். அதன் குணத்தை அதனிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

மனம் இசைந்த பின் செய்ய வேண்டுவன சில. முதற்குட்டி எதனால் இறந்தது என்பதை அறிதல் வேண்டும். குருதி கலந்த கழிச்சலும் வாந்தியும் கண்டு இறந்திருந்தால், அது பெரும்பாலும் 'பார்வோ' என்னும் வைரசு நோயாக இருக்கும். 1978-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்நோய் இரண்டே ஆண்டில் உலகெங்கும் பரவியது. அந்த வைரசு தரையிலும் மண்ணிலும் பல திங்கள் உயிர்த்திருக்கும். சாதாரணச் சோப்பு நீருக்கு அது அஞ்சாது. சலவைக்கு இடும் பிளீச்சிங் கரைசலால் கழுவினால் அழியும். அத்தகைய வீட்டிற்குத் தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியைக் கொண்டுவருதல் தகாது.

தடுப்பூசியையும் ஒரு முறை போட்டு நிறுத்திவிடலாகாது. தாய்ப்பால் வழி வந்த காப்பு, குட்டியின் உடலில் சில வாரம் தங்கித் தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடும். அக்காப்பு எந்த நாளில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகின்றார்கள். மூன்றாம் திங்களில் வெறிநோய்த் தடுப்பூசியும் இன்றியமையாதது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று கண் திறந்தும் திறவாததுமான குட்டியை வாங்குவோர், தாயிடமிருந்து பறிப்பதற்கு உடந்தையாகின்றனர்.

நல்ல வேளையாக இந்நகரில் உதவிக்குக் குறைவில்லை. ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958-இல் தொடங்கப்பெற்றது. சி.யூ.பி.ஏ. என்னும் அமைப்பு 1991-இல் தோன்றி, ஆதரவற்ற விலங்குகளைக் காத்து நல்ல இல்லங்களில் சேர்க்கும் பணியைச் செய்து வந்துள்ளது. 2019-இல் இந்நகரத் தெருக்களில் ஏறத்தாழ 3.10 இலட்சம் நாய்கள் இருந்தன. 2023-இல் அன்றைய மாநகராட்சி எடுத்த கணக்கில் அத்தொகை 2.79 இலட்சமாகக் குறைந்தது. கருத்தடை செய்த நாய்களின் விகிதமும் அவ்விடைக்காலத்தில் உயர்ந்தது. கருத்தடை கொடுமையன்று. ஐந்தில் நான்கு இறப்பதற்கெனவே பிறக்கும் நிலையை மாற்றும் கருணை அது. மாடிப்படியின் கீழ் ஈன்ற தாய்க்கு ஒருவேளைச் சோறிட்டால் அறம் என்கின்றோம். குட்டிகள் பால் மறந்த பின் அத்தாயைக் கருத்தடைக்கு அனுப்புவதும் அறமே.

இனத்து நாய்தான் வேண்டும் என்பார்க்கும் ஒரு சொல். குளிர்நாட்டு நாயை அடுக்கு மாடியில் அடைத்து வருத்துவதேன்? நம் நாட்டு நாய்களுக்கு 2005-இல் அஞ்சல் துறை சிறப்புத் தலைகள் வெளியிட்டது. அவ்வரிசையில் கருநாடகத்து முதோள் நாயும் தமிழகத்து இராசபாளையம் நாயும் ஒருங்கே இடம் பெற்றன. இரு மொழி மக்களும் சேர்ந்து வாழும் இந்நகரத்தார்க்கு அது இனிய செய்தி அன்றோ? ஆயினும் இவை ஓடி வேட்டையாடப் பிறந்தவை. வெளியும் நடையும் வேண்டுபவை. அவற்றைத் தர இயலாதோர்க்குத் தெருவில் பிறந்த குட்டியே சிறந்த துணை. இம்மண்ணின் வெயிலும் மழையும் அதற்குப் பழகியவை.

பெரியோர்களே, நாம் பிறந்த ஊரை விட்டு வந்து இங்கே வேரூன்றியவர்கள். புதிய இடத்தில் ஓர் உயிர் தளிர்ப்பதற்குச் சூடும் சோறும் துணையும் எவ்வளவு வேண்டும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இழந்த குருளைக்காகக் கண்ணீர் விடுங்கள். அதில் நாணம் வேண்டாம். கண்ணீரைத் துடைத்த கையால் பசித்திருக்கும் மற்றொன்றுக்குப் பால் வையுங்கள். இவ்வாண்டு நம் உறுப்பினர் இல்லங்களில் பத்துக் குருளைகளாவது தடுப்பூசி முற்றுப்பெற்று, தத்தம் பெயர் பெற்று, அடுத்த விழா நாளில் வாயிலில் நின்று குரைக்குமாயின், இந்தச் சிறு உரை வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.