பத்து ஆராங்: ஒரு நிலக்கரி ஊரின் கதை



தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு வகை மண் நன்றாகத் தெரியும். மலாய் மொழியில் அதைத் தானா கம்புட் என்பார்கள். கறுப்பாக இருக்கும், கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். மழையில்லாத மாதங்களில் அதில் தீப்பிடித்துவிட்டால், மேலே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று நினைப்போம். அது அடியில் புகைந்துகொண்டே போய் வேறோரிடத்தில் தலைகாட்டும். மண் எப்படி எரியும்? உண்மையில் அது முழுக்க மண் அன்று. சதுப்பு நிலத்து நீரில் விழுந்து, முற்றும் மக்கிப் போகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் இலையும் தழையும் வேரும்தான் அது.

இப்படிப்பட்ட படிவு ஒன்று பூமிக்குள் புதைந்து, மேலே மண்ணும் பாறையும் அழுத்த, பல இலட்சம் ஆண்டுகள் கிடந்தால் என்ன ஆகும்? அதுதான் நிலக்கரி. நம் காலடியில் இருப்பது குழந்தை என்றால், நிலக்கரி அதன் பாட்டன். அந்தப் பாட்டனைத் தோண்டி எடுத்து வாழ்ந்த ஓர் ஊர் நம் நாட்டில் உண்டு. சிலாங்கூர் மாநிலத்தில் ரவாங்கிற்கு மேற்கே உள்ள பத்து ஆராங் அது. பத்து என்றால் கல். ஆராங் என்றால் கரி. மலாய் மொழியில் நிலக்கரிக்குப் பெயரே அதுதான். பொருளின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது.

பால்வெட்டி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கரிவெட்டியவர்களின் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தொழில் வேறானாலும் வாழ்க்கையின் அமைப்பு ஒன்றுதான். வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தார். வேலை முடிந்த நாளில் வீடு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊரின் கதையைப் பார்ப்போம்.

பத்து ஆராங் பகுதியில் 1908ஆம் ஆண்டில் நிலக்கரி இருப்பது தெரியவந்தது. அப்போது அந்த இடத்தை ரந்தாவ் பாஞ்சாங் என்று அழைத்தார்கள். 1913இல் மலாயன் கோலியரிஸ் என்னும் கம்பெனி தோன்றியது. 1915 முதல் கரி வெட்டி எடுக்கப்பட்டது. இந்தக் கம்பெனியை உருவாக்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல். இந்தப் பெயர் நமக்கு முற்றிலும் புதியதன்று. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இவரே. நாம் காலையில் குடிக்கும் தேநீருக்கும் பத்து ஆராங்கின் கரிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அந்தக் கரி யாருக்குத் தேவைப்பட்டது? முதலில் ரயிலுக்கு. தாப்பா ரோட்டிலிருந்து நம் ஊருக்கு 1893இல் ரயில் பாதை வந்தது. அப்போது ஊரின் பெயர் தெலுக் அன்சன்; தெலுக் இந்தான் என்ற பெயர் 1982இல்தான் திரும்ப வந்தது. அந்த நாளில் இந்நாட்டு ரயில் இஞ்சின்கள் பெரும்பாலும் விறகை எரித்தே ஓடின. பாக்காவ் மரக்கட்டைகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து போட வேண்டும். வெளிநாட்டு நிலக்கரியோ கப்பலில் வர வேண்டும். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அது அரிதாகியது. அந்த வேளையில் உள்நாட்டிலேயே கரி கிடைத்தது பெரிய காரியம். குவாங் என்னும் ரயில் நிலையத்திலிருந்து பத்து ஆராங்கிற்குக் கிளைப்பாதை போட்டார்கள். ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேயே இந்தச் சுரங்கத்தின் பெரிய வாடிக்கையாளர் ஆயிற்று. ஈயச் சுரங்கங்களும் மின்சார நிலையங்களும் இதே கரியை வாங்கின.

கரியை இரண்டு விதமாக எடுத்தார்கள். கரிப்படிவு மேலாக இருந்த இடங்களில் மேல்மண்ணை வாரித் தள்ளிவிட்டுப் பெரிய பள்ளமாகத் தோண்டி எடுத்தார்கள். ஆழத்தில் இருந்த இடங்களில் பூமிக்குள் சுரங்கப் பாதை வெட்டி, மேற்கூரை இடிந்து விழாமல் மரத்தூண்கள் முட்டுக்கொடுத்து உள்ளே சென்று வெட்டினார்கள். வெட்டிய கரி சிறு வண்டிகளில் தண்டவாளத்தின்மேல் வெளியே வரும்.

இந்த வேலையில் உள்ள ஆபத்து எளிதானதன்று. நம் பால்மரக் காட்டில் பாம்பும் தேளும் உண்டு, அட்டை உண்டு. ஆனால் தலைக்குமேல் வானம் இருக்கும். சுரங்கத்தில் தலைக்குமேல் இருப்பது பாறை. அதோடு பத்து ஆராங்கின் கரிக்கு இன்னொரு குணமும் இருந்தது. அது முற்றாத கரி. காற்றுப் பட்டுக் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் சூடேறி, யாரும் பற்றவைக்காமலே தானாகத் தீப்பிடித்துக்கொள்ளும். நம் கருமண்ணின் குணம் பாட்டனிடமும் இருந்தது என்று சொல்லலாம்.

இவ்வளவு வேலைக்கும் ஆள் வேண்டுமே. சீனர்கள் பெருந்தொகையில் வந்தார்கள், தமிழர்களும் மற்ற இந்தியர்களும் வந்தார்கள், மலாய்க்காரர்களும் இருந்தார்கள். காடாக இருந்த இடம் ஊராயிற்று. கம்பெனி வீடுகள் கட்டியது, மருத்துவமனை வைத்தது. கரியோடு மட்டும் நிற்கவில்லை. செங்கல் சூளை ஏற்பட்டது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஏற்பட்டது. ரப்பரும் தேயிலையும் அடைத்து அனுப்பும் பெட்டிகளுக்கு அந்தப் பலகை பயன்பட்டது. மரத்தைக் காய்ச்சி வடித்துப் பொருள்கள் எடுக்கும் ஆலையும் இருந்தது. ஒரே கம்பெனியின் நிழலில் ஒரு சிறிய நகரம் வளர்ந்தது.

தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு வேலை கொடுத்தவர் வீட்டுக்கும் சொந்தக்காரர். உடம்புக்கு முடியவில்லை என்றால் போக வேண்டிய மருத்துவமனையும் அவருடையது. அண்டை வீட்டார் அனைவரும் ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள். இதில் நன்மை உண்டு. ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே வந்து நிற்கும். திருவிழா என்றால் ஊரே கூடும். இதில் தீமையும் உண்டு. வேலைக்கு வந்த கேடு அதே நாளில் எல்லா வீட்டுக்கும் வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் தொழிலாளர்கள் தலைநிமிர்ந்த காலமும் வந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வாணிபம் மந்தமாகிக் கூலி குறைந்தது. பிறகு நிலைமை தேறிய பின்னும் கூலி அதற்கேற்ப உயரவில்லை. சுரங்கத்தில் பலர் கம்பெனியிடம் நேரடியாக வேலை செய்யாமல் குத்தகைக்காரர்களின்கீழ் வேலை செய்தார்கள். நம் பெரியவர்கள் அறிந்த கங்காணி முறை போன்றே, நடுவில் நிற்பவர் கைக்குப் போன பிறகே கூலி தொழிலாளி கைக்கு வரும். 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 1937 மார்ச்சில் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. பெரும்பான்மையாக இருந்த சீனத் தொழிலாளர்கள் முன்னின்றார்கள். கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கும் அதில் இருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். கரி நின்றால் ரயில் நிற்கும், விளக்கு அணையும் என்ற நிலை. அரசு பெரும்படையாகப் போலீசை அனுப்பி மார்ச் மாதக் கடைசியில் அதை அடக்கியது.

அதே மாதத்தில் ரப்பர்த் தோட்டங்களின் சீனத் தொழிலாளர்களும் பல இடங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் எழுந்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதன் என்பவரும் அதில் முன்னின்றார்கள். சீனருக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதுவும் படையைக் கொண்டு அடக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கரிச்சுரங்கமும் பால்மரக் காடும் வெவ்வேறு உலகங்கள் அல்ல என்பதற்கு இவ்வாண்டுகளே சாட்சி.

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. சுரங்கம் அவர்கள் கைக்குப் போயிற்று. போர் முடிந்து கம்பெனி மீண்டு வந்தபோது அவசரகாலம் பிறந்தது. 1948 ஜூலையில் ஆயுதம் தாங்கிய கம்யூனிஸ்டுக் கூட்டத்தார் பத்து ஆராங்கைத் தாக்கினார்கள், ஐவர் கொல்லப்பட்டார்கள்.

இத்தனைக்கும் தாக்குப்பிடித்த ஊரைக் கடைசியில் சாய்த்தது துப்பாக்கி அன்று, எண்ணெய். 1950களில் எண்ணெய் மலிவாகவும் கையாள எளிதாகவும் கிடைத்தது. ரயில்வே தன் நீராவி இஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றியது; 1957இல் டீசல் இஞ்சின்களையும் தருவித்தது. பெரிய வாடிக்கையாளர் போன பின் கடை எப்படி நடக்கும்? 1960ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுரங்கம் மூடப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கரி தந்த ஊரில் கரி பூமிக்குள் மிச்சமிருக்க, அதை வாங்க ஆளில்லாமல் போயிற்று.

நேயர்களே, இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். அந்தத் தொழிலாளர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையில் குறை வைத்தவர்களும் அல்லர். எங்கோ ஓரிடத்தில் ஒரு பொருளின் விலை மாறியது. இங்கே அடுப்பு அணைந்தது. பலர் வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள். சிலர் போக இடமில்லாமலும், போக மனமில்லாமலும் அங்கேயே தங்கினார்கள். தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரிகளாயின. செங்கல் சூளையின் புகைபோக்கியும் பழைய கட்டடங்களின் சுவர்களும் நின்றன. பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகள் இருப்பதால், மேலே கட்டடம் எழுப்புவதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் ஆயிற்று.

அதே 1960ஆம் ஆண்டில் தோட்டப்புறங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை நம் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலை போனது, அதோடு லயத்து வீடும் போனது. பத்து ஆராங்கில் எண்ணெய் செய்த வேலையை இங்கே துண்டாடல் செய்தது. ஆனால் இங்கே ஒரு வழியும் பிறந்தது. நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரத்தை வெட்டியவனே மரத்துக்குப் பங்குதாரன் ஆனான். எல்லாத் தோட்டங்களையும் காக்க அந்த ஒரு சங்கத்தால் முடியவில்லை என்பது உண்மை. ஆயினும் தனியாக நின்றால் எழுந்து போகச் சொல்வார்கள், சேர்ந்து நின்றால் உட்கார்ந்து பேசுவார்கள் என்பதை அது காட்டியது.

இன்று தோட்டங்களில் நம்மவர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது; செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. ஆனாலும் வேலையோடு சேர்ந்து வந்த வீட்டில் குடியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்து ஆராங் சொல்லும் பாடம் இதுதான்: வேலை இருக்கும்போதே வீட்டை நினையுங்கள். ஊழியர் சேமநிதியில் சேரும் பணம் முதுமைக்கு மட்டுமன்று. வீடு வாங்குவதற்கும் அதில் ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு. கணக்கறிக்கையை ஆண்டுதோறும் பார்த்து, முதலாளியின் பங்கு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது நம் கடமை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே பெட்டியில் பத்திரமாக வைத்திருப்போம். தோட்டம் கைமாறும் நாளில், இத்தனை ஆண்டுகள் இங்கே உழைத்தோம் என்பதற்கு நம் வாய்ச்சொல் போதாது. அந்தத் தாள்கள்தாம் பேசும்.

பத்து ஆராங்கின் கரி எரிந்து புகையாகிப் போய்விட்டது. அதை வெட்டியவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் தோட்டங்களிலும் அப்படித்தான். தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பேர் பதிந்தார், பாட்டி எத்தனை மரம் வெட்டினார் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால் அதன் பின்புறத்தில் பெயர்களையும் ஊரையும் குறித்துவையுங்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நாம் ஒரு தொகை. நம் வீட்டு நோட்டில்தான் நாம் ஆட்கள்.