பகைவனின் காயத்தை ஆற்றும் பாக்டீரியா



இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள் ஆன நேரம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், சால்வடோர் லூரியாவின் ஆய்வுக்கூடத்தில், இத்தாலியிலிருந்து வந்திருந்த ரெனாட்டோ டுல்பெக்கோ என்ற மருத்துவர் ஃபேஜ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். உள்ளே போன டிஎன்ஏ பல படிகளாகப் பெருகும். கடைசியில் பாக்டீரியா வெடித்துச் சாகும், புதிய ஃபேஜ்கள் வெளியேறும். பாக்டீரியா படர்ந்திருக்கும் ஆய்வகத் தட்டில், ஃபேஜ் வென்ற இடம் மட்டும் சிறு வட்டமாகத் தெளிந்து தெரியும். வட்டங்களை எண்ணினால் எத்தனை ஃபேஜ்கள் உயிர்ப்போடு இருந்தன என்று சொல்லிவிடலாம்.

டுல்பெக்கோ ஃபேஜ்களின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, எத்தனை தப்பிப் பிழைக்கின்றன என்று எண்ணிவந்தார். ஒரே குப்பியில் எடுத்த ஃபேஜ், ஒரே அளவு கதிர். ஆனாலும் தட்டுக்குத் தட்டு கணக்கு உதைத்தது. இப்படி வரும் முரண்பாட்டைக் கைத்தவறு என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். அவர் ஒதுக்கவில்லை. தட்டுகள் எங்கே இருந்தன என்று பார்த்தார். குழல்விளக்கின் வெளிச்சம் நேராகப் பட்ட தட்டுகளில்தான் வட்டங்கள் அதிகம். செத்துப்போனதாகக் கருதிய ஃபேஜ்கள் வெளிச்சத்தில் மீண்டிருந்தன. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரில் இதே மீட்சியைச் சற்று முன்புதான் கண்டிருந்தார். இருவரின் முடிவுகளும் 1949ஆம் ஆண்டில் வெளியாயின.

இதில் என்னை மிகவும் கவர்வது டுல்பெக்கோ செய்த அடுத்த சோதனை. கதிர்பட்ட ஃபேஜ்களைத் தனியே வைத்து வெளிச்சம் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பாக்டீரியாவுக்குள் நுழைந்த பிறகு காட்டினார்; மீண்டன. அப்படியென்றால் பழுதைச் சரிசெய்தது வெளிச்சம் மட்டும் அல்ல. பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று, தன்னைக் கொல்ல வந்த வைரஸின் டிஎன்ஏவைச் செப்பனிட்டிருக்கிறது.

பழுது என்னவென்று பிற்பாடு தெரிந்தது. டிஎன்ஏ இழையில் தைமின் என்ற எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் புற ஊதாக் கதிர் பட்டால், அவை ஒன்றோடொன்று பிணைந்துவிடும். இழை அங்கே கோணிக்கொள்ளும். படியெடுக்கும் நொதி அந்த முடிச்சில் வந்து நின்றுவிடும். பாக்டீரியாவிடம் ஃபோட்டோலையேஸ் என்றொரு நொதி உண்டு. இருட்டிலும் முடிச்சைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும். ஆனால் அவிழ்ப்பதற்கு நீல ஒளி வேண்டும். ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரானைத் தைமின்களுக்குக் கொடுக்கும்; பிணைப்பு அறுந்து இரண்டும் பழைய நிலைக்கு வரும். எலக்ட்ரான் நொதிக்கே திரும்பிவிடும்.

வெளிச்சம் இல்லாவிட்டாலும் பாக்டீரியா கைவிடுவதில்லை. இருட்டில் நடக்கும் பழுதுபார்ப்பை இனம் கண்டதுதான் இந்த வரலாற்றிலேயே அழகான கட்டம். 1962இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் குழுவினர், பழுதுபார்க்கத் தெரியாத ஈ. கோலை பாக்டீரியாக்களைத் தேடினார்கள். கோடிக்கணக்கானவற்றில் சில மட்டும் அப்படி இருக்கும், எப்படிப் பிரித்தெடுப்பது? கதிர்பட்டுக் குலைந்த டி1 ஃபேஜ்களை அவற்றின் மீது ஏவினார்கள். திறமையான பாக்டீரியா உள்ளே வந்த ஃபேஜைச் சீர்செய்தது. சீரான ஃபேஜ் அதைக் கொன்றது. பழுதுபார்க்கத் தெரியாத பாக்டீரியாவுக்குள் ஃபேஜ் முடங்கியே கிடந்தது. அந்தப் பாக்டீரியா பிழைத்தது. யாரைத் தேடினார்களோ அவர்கள் மட்டுமே தட்டில் எஞ்சினார்கள்.

இந்தக் குறைபாடுள்ள பாக்டீரியாக்களை வைத்துத்தான் யுவிஆர்ஏ, யுவிஆர்பி, யுவிஆர்சி என்ற மூன்று மரபணுக்கள் தெரியவந்தன. அவை உருவாக்கும் புரதங்கள், இழை கோணியிருக்கும் இடத்தைக் கண்டறிந்து, முடிச்சின் இரு பக்கமும் வெட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்துகள் கொண்ட துண்டு வெளியே வரும். எதிர் இழையைப் பார்த்து வேறொரு நொதி இடைவெளியை நிரப்பும். இன்னொன்று இணைப்பை மூடும். இந்த நொதிகளைப் பிரித்தெடுத்து, அவை எப்படி வெட்டுகின்றன என்று காட்டியவர்களுள் முக்கியமானவர் துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்ஜார். டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

எதிரியை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவர் வண்டி யாருடையது என்று விசாரிப்பதில்லை. இந்த நொதிகளும் அப்படித்தான். அவை பார்ப்பது பழுதை, சொந்தக்காரரை அல்ல. இத்தனைக்கும் அந்நிய டிஎன்ஏவை அடையாளம் பார்த்து வெட்டியெறியும் வேறு நொதிகளும் அதே செல்லில் உண்டு. அவற்றிடம் தப்பிய ஃபேஜுக்குத்தான் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. தன் டிஎன்ஏவை நாள் முழுக்கக் காக்கும் நொதி, எப்போதோ வரும் வைரஸுக்கும் பயன்பட்டுவிடுகிறது. அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டுதான் பாக்டீரியா வாழ்கிறது.

1953இல் ழான் வைக்ளே என்ற சுவிட்சர்லாந்து அறிவியலாளர் இன்னும் விசித்திரமான ஒன்றைச் சொன்னார். லாம்டா என்ற ஃபேஜைக் கதிரால் குலைத்து, கொஞ்சம் கதிர்பட்ட பாக்டீரியாவுக்குள் விட்டால், நலமான பாக்டீரியாவில் பிழைப்பதைவிட அதிகமாகப் பிழைத்தது. கூடவே மரபுப் பிழைகளும் கூடின. அடிபட்ட பாக்டீரியா அவசரகாலக் கருவிகளையெல்லாம் இறக்கியிருந்தது என்பதே காரணம். அவற்றுள் ஒன்று, முடிச்சைத் தாண்டிக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டு போகும் நொதி.

கடலிலும் இந்த வேலை நடக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும், பெரும்பாலானவை ஃபேஜ்கள். மேற்பரப்பில் வெயில் அவற்றை நாள்தோறும் சிதைக்கிறது. 1990களின் பிற்பகுதியில் மெக்சிகோ வளைகுடாவில் செய்த ஆய்வுகள், அங்குள்ள பாக்டீரியாக்கள் வெயிலின் துணையோடு அவற்றில் கணிசமான பங்கை மீட்டுவிடுவதைக் காட்டின.

குலைந்த வைரஸை உள்ளே அனுப்பி ஒரு செல்லின் பழுதுபார்க்கும் திறனை அளக்கலாம் என்ற பாடம் மனிதர்களுக்கும் உதவியது. சிறிது வெயில் பட்டாலே தோலில் புற்றுநோய் வரக்கூடிய ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் இருக்கிறது. இந்த நோயாளிகளின் செல்களில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு குன்றியிருப்பதை ஜேம்ஸ் கிளீவர் 1968இல் கண்டறிந்தார். கதிர்பட்ட ஹெர்பிஸ் வைரஸையும் அடினோ வைரஸையும் அந்தச் செல்களுக்குள் செலுத்திப் பார்த்தபோது, நலமான செல்களில் மீண்ட அளவுக்கு அவை மீளவில்லை.

கடைசியாக டி4 என்ற ஃபேஜைப் பற்றி. பாக்டீரியாவின் யுவிஆர் நொதிகளை நம்பியிராமல், தைமின் முடிச்சை வெட்டும் நொதி ஒன்றைச் செய்யும் மரபணுவைத் தன்னோடே கொண்டு வரும் ஃபேஜ் அது. அந்த நொதியை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, தோலில் பூசும் திரவமாக்கி, இதே நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்தார்கள். முடிவு 2001இல் லான்செட் இதழில் வெளியானது: புற்றுநோய்க்கு முன்னோடியான தோல் தடிப்புகள் புதிதாகத் தோன்றுவது, வெறும் திரவம் பூசியவர்களைவிட 68 சதவீதம் குறைவாக இருந்தது.