வியாதியஸ்தரே எஜமான்கள்

(நன்கொடையாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



பரிசுத்த யோவான் சபை என்றதும் சிலுவை பொறித்த மேலங்கியும் உருவிய வாளுமாக ஒரு குதிரைவீரன்தான் பலருடைய மனக்கண்முன் வருகிறான். செமினரியில் நாமும் அவர்களைச் சிலுவைப்போர்ப் பாடத்தில்தான் படித்தோம். பிற்காலத்தில் ரோது தீவையும் மால்டாவையும் ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் சபை போர்க்களத்தில் பிறக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது.

11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அமால்ஃபி பட்டணத்து வியாபாரிகள் எருசலேமில் யாத்திரிகருக்கென்று ஒரு விடுதி ஏற்படுத்தினார்கள். ஜெரார்டு என்ற சகோதரர் அதை நடத்தினார். 1113-இல் பாப்பரசர் இரண்டாம் பஸ்காலிஸ் அந்த ஊழியத்துக்கு அங்கீகாரம் கொடுத்தார். ஜெரார்டுக்குப் பின் வந்த ரேமண்ட் து பூயி ஓர் ஒழுங்கு எழுதிவைத்தார். வியாதியஸ்தன் வந்தால் அவனை வீட்டு எஜமானைப்போல் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். சகோதரர் சாப்பிடுமுன் அவன் சாப்பிட வேண்டும்.

1182-இல் எழுதப்பட்ட சட்டங்களை வாசிக்கையில் நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது. நான்கு வைத்தியர்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் தனித் துப்பட்டி, தனிப் போர்வை. அங்கே பிரசவிக்கும் யாத்திரிகப் பெண்களின் குழந்தைகளுக்குச் சிறு தொட்டில்கள். கழிப்பிடத்துக்குப் போய்வர ஆட்டுத்தோல் மேலங்கியும் பாதரட்சையும்! இரவில் நோயாளியின் செருப்பைக் கட்டிலடியில் தேடிக் கொடுத்துப் பழகிய எங்களுக்கு, இதை எழுதியவர் வார்டில் வேலைசெய்தவர்தான் என்று தோன்றுகிறது. தூரதேசத்துக் கிளைகளின் காணிக்கையும் அதில் உண்டு. பிரான்சுக் கிளை சாயமிட்ட பருத்தித் துணி 100 அனுப்ப வேண்டும். திரிப்போலி பக்கத்துக் கிளை மருந்துப் பாகுக்குச் சர்க்கரை அனுப்ப வேண்டும். யூதரும் இஸ்லாமியரும்கூட அங்கே சேர்க்கப்பட்டதாக, அக்காலத்தில் நேரில் கண்ட ஒருவர் எழுதியிருக்கிறார்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக்கூடாது. 1136-லேயே ஒரு கோட்டை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. 1168-இல் சபைத் தலைவர் கில்பெர்ட், எகிப்தின்மேல் படையெடுத்த அமல்ரிக் ராஜாவுடன் சேர்ந்துகொண்டார். ஜெயித்தால் பில்பெய்ஸ் பட்டணம் சபைக்குக் கிடைக்கும் என்ற எண்ணம். ஜெயம் வரவில்லை. அவர் பதவியை விட்டபோது சபையின் கடன் ஒரு லட்சம் பொற்காசு என்று தீர் பட்டணத்து அத்தியட்சர் வில்லியம் எழுதுகிறார். படுக்கைகளை நம்பிக் காணிக்கை கொடுத்தவர்களின் வீடு, குதிரைக்கும் கூலிப்படைக்கும் கடன்பட்டது. ஆயுதத்தினிமித்தம் ஏழைகளின் பராமரிப்பு குறையக்கூடாதென்று பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று.

அவர்களை நியாயந்தீர்க்க நமக்குத் தயக்கமாயிருக்கிறது. ஒருமுறை போர்வைக்கென்று வந்த பணத்தைச் சுற்றுச்சுவருக்கு எடுக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. உடனே வேண்டாமென்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. கடைசியில் பணம் போர்வைக்கே போயிற்று. ஆனாலும் ஒரு கூட்டம் முழுவதும் அதிலேயே கழிந்தது.

1187-இல் சலாதீன் எருசலேமைப் பிடித்தார். சில மாதங்களுக்கு முன் ஹத்தீனில் பிடிபட்ட இச்சபை வீரர்களைக் கொல்லக் கட்டளையிட்டவர் அவரே. ஆனால் ஆஸ்பத்திரியில் வியாதியஸ்தர் இன்னும் படுத்திருந்தார்கள். அவர்கள் குணமாகும்வரை கவனிக்கும்படி, சகோதரர் பத்துப் பேர் ஒரு வருஷம் அங்கே தங்கியிருக்க அவர் அனுமதித்தார்.