பிழைச் செய்தியைப் படிக்கப் பழக்குவோம்

(கணினிப் பயிற்றுநர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பைத்தானில் வெளியார் எழுதிய நூலகங்களைப் பயன்படுத்தும்போது வரும் சிக்கல்களை எப்படித் தீர்ப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மேல்நிலை வகுப்புக்கு இது நேரடியாகத் தேவைப்படுவது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைப்ளாட் கொண்டு கோட்டு வரைபடமும் பட்டை வரைபடமும் வட்ட வரைபடமும் வரையும் பாடம் இருக்கிறது. அதற்கு மேட்பிளாட்லிப் நூலகம் வேண்டும். அது பைத்தானோடு சேர்ந்து வருவதில்லை. நாம்தான் நிறுவ வேண்டும். அங்கேதான் நம் ஆய்வக வகுப்புகள் சிக்கிக்கொள்கின்றன.

கட்டளைகளை நான் வாயால் சொல்லும் விதமாகவே சொல்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு அறிமுகம். மேத், ரேண்டம் போன்றவை பைத்தானோடு வரும் நிலையான நூலகங்கள். மேட்பிளாட்லிப், நம்பை, பாண்டாஸ் போன்றவை வெளியார் எழுதிக் கொடுத்தவை. மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைத் திரையில் பார்ப்பதற்காக அவர் உருவாக்கியது 2003-இல் வெளிவந்தது. 2012-இல் அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் சேர்ந்து அதை வளர்த்து வருகிறார்கள். இத்தகைய நூலகங்கள் பைத்தான் பேக்கேஜ் இண்டெக்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்து வந்து நம் கணினியில் வைக்கும் கருவிதான் பிப்.

ஒவ்வொரு நூலகத்தையும் வெவ்வேறு குழுவினர், வெவ்வேறு வேகத்தில் மாற்றுகிறார்கள். அதனால் பைத்தானின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் விண்டோஸின் பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெரும்பாலான சிக்கல்களின் வேர் இந்தப் பொருத்தமின்மைதான். மாணவர் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லாமலே திரை முழுவதும் சிவப்பு எழுத்து வருவது இதனால்தான்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? "நான்தான் தப்பா அடிச்சுட்டேன்" என்று நினைக்கிறார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு வாரத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு பாடவேளை. அந்த நேரமும் இப்படியே போனால், "எனக்குக் கம்ப்யூட்டர் வராது" என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சுமை: செய்தி முழுவதும் ஆங்கிலம். ஆகவே சிக்கலைத் தீர்ப்பது நம் வேலை என்பதோடு நின்றுவிடாமல், தீர்க்கும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

அடிக்கடி வரும் சிக்கல்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, கட்டளையை அடிக்கும் இடம். ஐடில் சாளரத்தில் மூன்று கூர்முனைக் குறிகளுக்கு எதிரே "பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்" என்று அடித்தால் "சின்டாக்ஸ் எரர்" என்றுதான் வரும். அது விண்டோஸுக்குத் தரும் கட்டளை, பைத்தான் மொழியின் கூற்று அல்ல. கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் அடிக்க வேண்டும். அங்கேயும் "பிப் இஸ் நாட் ரெகக்னைஸ்டு" என்று வந்தால், பைத்தானை நிறுவியபோது "பாத்" பட்டியலில் சேர்க்கும் கட்டத்தில் டிக் செய்யவில்லை என்று பொருள். பைத்தானையே அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை. "பை, இடைக்கோடு எம், பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்" என்று அடித்தால் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு பைத்தான். பிப் "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்கிறது. ஐடிலில் ஓட்டினால் "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்" வருகிறது. இரண்டு செய்தியும் உண்மைதான். பிப் ஒரு பைத்தானில் நிறுவியிருக்கிறது. ஐடில் வேறொரு பைத்தானைச் சேர்ந்தது. "பை, இடைக்கோடு, சுழியம்" என்று அடித்தால் கணினியில் உள்ள பைத்தான்கள் வரிசையாக வரும். ஐடிலுக்குள் "இம்போர்ட் சிஸ்" எழுதி, "சிஸ் புள்ளி எக்ஸிகியூட்டபிள்" என்பதை அச்சிட்டால் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று முழு முகவரி தெரியும். அந்த முகவரியில் உள்ள பைத்தானைக் கொண்டே பிப்பை ஓட்டினால் சிக்கல் தீரும்.

மூன்றாவது, பெயர் வேறுபாடு. நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எல்லா நூலகத்துக்கும் ஒன்றல்ல. பில்லோ என்று நிறுவி "பிஐஎல்" என்று அழைக்க வேண்டும். ஓப்பன்சிவி-பைத்தான் என்று நிறுவி "சிவி2" என்று அழைக்க வேண்டும். சைகிட்-லேர்ன் என்று நிறுவி "எஸ்கேலேர்ன்" என்று அழைக்க வேண்டும். செயல்திட்டம் செய்யும் மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 டிசம்பரில், ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் பெயரில் ஒரு சிறிய "எல்" எழுத்துக்குப் பதிலாகப் பெரிய "ஐ" எழுத்தைப் போட்டு ஒரு போலி நூலகம் அந்தப் பொதுக் களஞ்சியத்தில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. கணினியிலுள்ள ரகசியச் சாவிகளைத் திருடுவதற்காக அதைச் செய்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டு பெயரும் ஒன்றுபோலவே தெரியும். எனவே நிறுவும் பெயரைப் பாடநூலையோ அந்த நூலகத்தின் அதிகாரப்பூர்வ ஆவணத்தையோ பார்த்து அடிக்க வேண்டும். நினைவிலிருந்து அடிக்கக் கூடாது என்று மாணவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நான்காவது, கோப்பின் பெயர். நம் ஆய்வகங்களில் அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான். மேட்பிளாட்லிப் பாடத்தைச் செய்யும் மாணவர் தன் நிரலுக்கும் "மேட்பிளாட்லிப்" என்றே பெயர் வைத்துச் சேமிப்பார். பைத்தான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடும். அங்கே மாணவரின் கோப்பு அதே பெயரில் இருப்பதால், அதையே நூலகம் என்று எடுத்துக்கொள்ளும். வரும் செய்தி: "நோ மாட்யூல் நேம்டு மேட்பிளாட்லிப் புள்ளி பைப்ளாட், மேட்பிளாட்லிப் இஸ் நாட் எ பேக்கேஜ்." முன்பாதியை மட்டும் படித்தால் நூலகம் இல்லை என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவுவோம். பின்பாதியில்தான் விடை இருக்கிறது: பேக்கேஜ் அல்லாத ஏதோ ஒன்று அந்தப் பெயரில் நடுவில் நிற்கிறது.

இதையே கொஞ்சம் சுற்றிவளைத்து வந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி, பாடநூலில் உள்ள கோட்டு வரைபட நிரலை ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்து, கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்டினாள். பிழை வந்தது. செய்தியின் கடைசி வரியில் "ரேண்டம்", "ரேண்ட்இன்ட்" என்ற சொற்கள் இருந்தன. "சார், நான் ரேண்ட்இன்ட்னு எழுதவே இல்லையே!" என்றாள். மிகச் சரியான கேள்வி. "அப்படின்னா யாரு எழுதியிருக்காங்கன்னு பாரு" என்றேன். கடைசி வரிக்கு மேலே கோப்பின் முகவரி இருந்தது. அதே கோப்புறையில் "ரேண்டம்" என்ற பெயரில் ஒரு நிரல். முந்தைய வாரம் வேறு பிரிவு மாணவன் பகடை உருட்டும் நிரலை எழுதி அந்தப் பெயரில் சேமித்திருக்கிறான். அவனுக்கும் அது ஓடியிருக்காது. மணி அடித்ததும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மேட்பிளாட்லிப் தன் உள்வேலைக்காகப் பைத்தானின் ரேண்டம் நூலகத்தைத் தேட, இவன் கோப்பு நடுவில் நின்றுகொண்டது. அந்த மாணவி கோப்பின் பெயரை மாற்றினாள், வரைபடம் வந்தது. அன்று அவள் தெரிந்துகொண்டது வரைபடத்தைவிடப் பெரியது: பிழை வந்தாலே தவறு தன்னுடையது என்று ஆகிவிடாது, யாருடையது என்பதை அந்தச் செய்தியே சொல்லும். இப்போது எங்கள் ஆய்வகத்தில் பிரிவுக்கொரு கோப்புறை. கோப்பின் பெயரில் மாணவரின் பதிவெண் கட்டாயம்.

ஐந்தாவது, பதிப்புப் பொருத்தம். விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும். 3.9 முதல் அதற்கு ஆதரவு இல்லை. அங்கே மேட்பிளாட்லிப்பின் புதிய பதிப்புகளும் வராது. பிப் தானாகவே பொருந்தும் பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளும். நம் பாடத்துக்கு அது போதும். இதற்கு நேர்மாறாக, பைத்தானின் புத்தம்புதுப் பதிப்பை வெளியான வாரமே நிறுவினால், நூலகக் குழுவினர் அதற்கு ஆயத்தக் கோப்பு தந்திருக்க மாட்டார்கள். பிப் மூல நிரலிலிருந்து தானே கட்டமைக்க முயன்று, "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தேவை" என்று கேட்டு நிற்கும். அதைத் தேடி இறக்க வேண்டாம். பைத்தானின் ஒரு பதிப்பு முந்தையதை வைத்துக்கொள்வதே எளிது.

பழைய நிரலைப் புதிய நூலகத்தில் ஓட்டுவதும் இந்த வகைதான். நம்பையில் "என்பி புள்ளி இன்ட்" என்று எழுதும் வழக்கத்தை 1.24 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். பாண்டாஸ் அட்டவணையில் வரிசை சேர்க்கும் "அப்பெண்ட்" 2023-இல் வந்த 2.0 பதிப்பில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய நிரலை அப்படியே எடுத்தால் "ஹேஸ் நோ ஆட்ரிபியூட்" என்று வரும். எழுத்துப் பிழை இல்லையென்றால், அந்தச் செய்தியைப் பார்த்ததும் முதலில் பதிப்பைச் சந்தேகியுங்கள்.

ஆறாவது, பிழையே வராத பிழை. நிரல் ஓடி முடிகிறது. வரைபடம் மட்டும் வரவில்லை. கடைசி வரியில் "பிஎல்டி புள்ளி ஷோ" இருக்கிறதா, அதற்கு அடைப்புக்குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இணையம் மெதுவாக உள்ள பள்ளிகளுக்கு ஒரு வழி. இணையம் நன்றாகக் கிடைக்கும் ஒரு கணினியில் "பிப் டவுன்லோட் மேட்பிளாட்லிப்" என்று அடித்தால், அந்த நூலகமும் அதற்குத் தேவையான நம்பை, பில்லோ முதலியவையும் சேர்ந்து சுமார் பத்துக் கோப்புகளாக இறங்கும். பென்டிரைவில் எடுத்து வந்து, ஆய்வகக் கணினிகளில் "நோ இண்டெக்ஸ்", "ஃபைண்ட் லிங்க்ஸ்" என்ற இரண்டு விருப்பங்களோடு அந்தக் கோப்புறையைக் காட்டி நிறுவலாம். இறக்கும் கணினியிலும் நிறுவும் கணினியிலும் பைத்தான் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இது மட்டும் நிபந்தனை.

நிறுவி முடித்ததும் "பிப் ஃப்ரீஸ்" தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஆய்வகப் பதிவேட்டில் கணினி எண், பைத்தான் பதிப்பு, மேட்பிளாட்லிப் பதிப்பு என்று மூன்று கட்டம் போடுங்கள். நன்றாக ஓடும் கணினியை ஆண்டு நடுவில் புதுப்பிக்காதீர்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், மேட்பிளாட்லிப்பை அழைத்து அதன் பதிப்பை அச்சிடும் இரண்டு வரி நிரலை எல்லாக் கணினிகளிலும் ஓட்டிப் பாருங்கள். தேர்வு அறையில் ஒரு பிள்ளை கருவியின் பிழைக்காகக் கலங்கக் கூடாது.

இனி, கற்பித்தலுக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகப் பலகையில் நான்கு கேள்விகள் நிரந்தரமாக எழுதியிருக்கின்றன. கடைசி வரி என்ன சொல்கிறது? அது எந்தக் கோப்பைக் காட்டுகிறது? எந்தப் பைத்தான் ஓடுகிறது? கடைசியாக எதை மாற்றினோம்? இந்த நான்குக்கும் விடையோடு வந்தால்தான் நான் பக்கத்தில் போவேன். பாதிப் பேர் விடை எழுதும்போதே தீர்வைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது ஐந்தாவது விதி. மூன்றை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

தமிழ்வழி மாணவர்களுக்காக அதே பலகையில் ஒரு சிறு அகராதியும் உண்டு. "நாட் ஃபவுண்ட்" என்றால் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை. "ஹேஸ் நோ ஆட்ரிபியூட்" என்றால் நீ கேட்பது அதனிடம் இல்லை. "இன்வேலிட் சின்டாக்ஸ்" என்றால் எழுதிய முறை தவறு. பத்துப் பதினைந்து தொடர்கள் தெரிந்தால் போதும், பெரும்பாலான செய்திகள் பிடிபட்டுவிடும். ஆங்கிலம் முழுதும் வந்த பிறகுதான் கணினி என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஆண்டுக்கு ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குங்கள். நான்கு கணினிகளில் நான்கு சிக்கல்களை நாமே வேண்டுமென்று உண்டாக்கி, குழுக்களாகப் பிரித்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையோடு, எந்த வரியைப் படித்துக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சத்தம் வரும், வரட்டும்.

நாளை இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் மேட்பிளாட்லிப் இருக்குமோ, வேறு ஏதாவது இருக்குமோ, நமக்குத் தெரியாது. சிக்கல் கட்டாயம் இருக்கும். அப்போது பதறாமல் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கம் நம் ஆய்வகத்திலிருந்து போனதாக இருக்கட்டும்.