கோடையின் சுகம் வெளியிலேதான்!

எதிரணி நண்பர், "கோடையிலே வெளியே போனா அப்பளமாப் பொரிஞ்சுடுவோம்"னு பயமுறுத்திட்டுப் போயிருக்கார்.

ஐயா, சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம், டிசம்பரிலே பிற்பகல் மூணு மணிக்கே இருட்டற ஊர். அங்கே ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம், 1891-ல் திறந்தது. கோடை மாலையிலே ஜனங்க அங்கே கூடி, சேர்ந்து பாடுவாங்க. 1935-ல் ஆரம்பிச்ச வழக்கம். வெயிலோட அருமை அவங்களுக்குத் தெரியுது.

நமக்கு? பங்குனியிலே மயிலாப்பூர் மாடவீதிக்கு வாங்க! அறுபத்து மூவர் அன்னிக்குத் தார் ரோடு கொதிக்கும். ஆனா மோர்ப் பந்தல் உண்டு, பானகம் உண்டு, விசிறி உண்டு.

எங்க அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி. மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. நல்ல பிள்ளையா ஏ.சி. போட்டு, டி.வி. முன்னாலே உட்கார வெச்சேன். "டேய், இப்பவே ஐஸ் பெட்டியில வெச்சுட்டியா?"ன்னாங்க. சிரிக்காதீங்க, எனக்குச் சுருக்குன்னுது.

நானும் என் பையனும் நாற்காலியோட தூக்கிக் கீழே இறக்கினோம். வீதி ஓரத்திலே உட்கார்ந்து, நாதஸ்வரத்துக்குத் தொடையிலே தாளம் போட்டாங்க. முன்பின் தெரியாத ஓர் அம்மா விசிறி விட்டாங்க.

ராத்திரி, மூச்சு வாங்க மேலே கொண்டுவந்து விட்டோம். அம்மா சொல்றாங்க: "நாளைக்குப் பிட்சாடனர். நாற்காலியைத் துடைச்சு வை!"