வதைமுகாமில் உறவு



நாஜி வதைமுகாம்களைப் பற்றி மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, பிழைத்தோரை அன்பே காத்தது என்று சொல்லி முடிக்க நாம் விரும்புகிறோம். ஆறுதல் தரும் முடிவுதான். ஆயினும் முழு உண்மை அன்று. அங்கே உறவினால் இயன்றது எது, இயலாதது எது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியின் ஆட்சிப் பகுதிகளிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். இரயிலை விட்டு இறங்கியதுமே ஆடவர் ஒருபுறமும், பெண்டிரும் சிறுவரும் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டனர். உழைக்கத் தகுந்தவர் எனக் கருதப்பட்டோர் மட்டுமே முகாமுக்குள் சென்றனர். ஏனையோர் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். சிறு குழந்தையோடு நின்ற தாய் பெரும்பாலும் அக்குழந்தையோடே மாண்டாள்.

பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற எலீ வீசல் அவ்வாண்டில் 15 வயதுச் சிறுவர். தாயும் கடைசித் தங்கையும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். தந்தையை விட்டுப் பிரியாதிருப்பதே அவருடைய ஒரே குறிக்கோளாயிற்று. 1945 சனவரியில் இருவரும் புக்கன்வால்டு முகாமை அடைந்தனர். சில நாள்களில் தந்தை இறந்தார். நோயுற்ற தந்தையைச் சுமையாக எண்ணிய கணமும் தம் நெஞ்சில் எழுந்தது என்பதை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. பசி, பாசத்தையும் அத்தனை தொலைவு சோதித்தது.

ஆன் பிராங்கின் குடும்பத்தை நோக்குவோம். 1944 செப்டம்பரில் நால்வரும் ஆஷ்விட்ஸ் சேர்ந்தனர். பின்னர் ஆனும் அக்காள் மார்கோட்டும் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். தாய் எடித் 1945 சனவரியில் ஆஷ்விட்ஸிலேயே இறந்தார். சகோதரியர் இருவரும் இறுதிவரை ஒன்றாகவே இருந்து, 1945 தொடக்கத்தில் நோயால் மாண்டனர். தனித்திருந்த தந்தை ஓட்டோ மட்டும் உயிரோடு மீண்டார். சேர்ந்திருந்தோர் இறக்க, பிரிந்திருந்தவர் பிழைத்தார். இதை அன்பின் கணக்கால் விளக்க முடியுமா?

அவ்வாறாயின் உறவினால் பயனே இல்லையா? உண்டு. உற்றாரை இழந்த பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து புதிய குடும்பங்களை அமைத்துக்கொண்டனர். 'முகாம் சகோதரி' என்றே அவர்கள் ஒருவரையொருவர் குறிப்பிட்டனர். நம் மொழியில் உடன்பிறவாச் சகோதரி என்போமே, அதுவே அது. கிடைத்த ரொட்டியைப் பகிர்ந்தனர். மணிக்கணக்கில் நிற்கவைத்துத் தலையெண்ணும் வேளையில், தளர்ந்தவளை விழாமல் தாங்கிக்கொண்டனர். கையில் பச்சை குத்திய எண்ணால் அழைக்கப்பட்ட ஒருத்திக்கு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருப்பது இன்னுமொரு நாளைத் தாங்கும் வலிமையைத் தந்தது. அந்த ஒரு நாளுக்கு அப்பால் நிகழ்வதை நோயும் காவலரும் தற்செயலும் முடிவு செய்தன.

ஆதலின் ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் சொற்களை எண்ணிப் பயன்படுத்துவோம். அன்புடையோர் பிழைத்தனர் என்று கூறினால், மாண்டோர் அன்பிற் குறைந்தவர் என்ற பொருளும் உடன் வந்துவிடும். பிள்ளையின் கையை விடாமல் மாண்ட தாயருக்கு அது பெரும் அநீதியாகும். அவர்களைப் பிரிக்கவும் கொல்லவும் திட்டமிட்டோர் இருந்தனர் என்பதை முதலில் சொல்வோம். அதன் பின்னர் அவர்கள் பகிர்ந்த ரொட்டியைப் பற்றிச் சொல்வோம்.